கல்லடி மாடியில் எண்ணெய் வர்ணம்: பத்துக் கிழமை, ஒரு பனிமலை

எங்கள் வீட்டில் நான்கு தறிகள் ஓடுகின்றன. நான் இலங்கையின் கிழக்கே மருதமுனையில் பிறந்து வளர்ந்தவள், இருபது வருசமாகச் சாயத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவள். சாறனுக்கு வேண்டிய நீலம் எது, சேலைக் கரைக்கு வேண்டிய நீலம் எது என்று நூலைத் தொட்டியில் இருந்து தூக்கும்போதே சொல்லிவிடுவேன். நிறம் எனக்குத் தெரிந்த விசயம் என்றுதான் நம்பியிருந்தேன். இந்த வருசம் மே மாதம் தொடங்கிப் பத்துச் சனிக்கிழமை, மட்டக்களப்புக் கல்லடியில் நடக்கும் எண்ணெய் வர்ண வகுப்பு ஒன்றுக்குப் போய் வந்தேன். எப்படி இருந்தது, காசு எவ்வளவு, எங்களைப் போன்றவர்கள் போகலாமா என்று ஊரில் பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

டீச்சர் தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு தடவைக்கு ஆறு பேருக்கு மேல் எடுப்பதில்லை, அதற்கே ஆட்கள் வருகிறார்கள், விளம்பரம் தேவையில்லை என்றார். அதனால் இடத்தை மட்டும் சொல்கிறேன். கல்முனைப் பக்கம் இருந்து பஸ்ஸில் வந்தால் கல்லடிப் பாலம் வருமுன் இறங்கி, வாவிப் பக்கம் போகும் ஒழுங்கையில் நடக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் சித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவரின் வீட்டு மேல்மாடி. மூன்று பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் வாவி தெரியும். காலை ஒன்பது மணியில் இருந்து பன்னிரண்டரை வரை வகுப்பு. பத்து வகுப்புக்கும் சேர்த்து 12,000 ரூபா, இரண்டு தவணையாகக் கொடுக்கலாம். வர்ணம், பிறஸ், பலகை எல்லாம் நாங்கள்தான் வாங்க வேண்டும். எனக்கு அதற்கு ஏறக்குறைய 14,000 ரூபா போனது. அதில் வீணாய்ப் போனதும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

என்னோடு படித்தவர்கள் ஐந்து பேர். வங்கியில் வேலை செய்யும் ஒரு தம்பி, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கும் இரண்டு பிள்ளைகள், ஓய்வு பெற்ற ஒரு மருத்துவிச்சி அம்மா, செட்டிபாளையத்தில் இருந்து வரும் ஒரு தச்சுவேலைக்காரர். யாருக்கும் முன்பின் எண்ணெய் வர்ணப் பழக்கம் இல்லை. வகுப்பின் ஏற்பாடு இதுதான்: பத்துக் கிழமையும் ஒரே ஒரு படம். எல்லாரும் அதே படத்தைத்தான் பார்த்துத் தீட்ட வேண்டும். சொந்தப் படம், பூச்சாடி, வாழைப்பழம் ஒன்றும் கிடையாது.

முதல் நாள் டீச்சர் மேசையில் மூன்று படங்களை வைத்தார். மூன்றும் ஒரே ஓவியத்தின் அச்சுப் பிரதிகள். ஒன்று பழைய புத்தகம் ஒன்றில் இருந்து வெட்டியது, ஒன்று கடையில் அச்செடுத்தது, மூன்றாவது யாரோ வெளிநாட்டில் இருந்து அனுப்பிய தபால் அட்டை. ஒன்றில் மலை கடும் நீலம், ஒன்றில் ஊதா கலந்த நீலம், ஒன்றில் கொஞ்சம் பச்சை ஓடிய நீலம். “இதில எது சரி?” என்று கேட்டார். நான் தபால் அட்டையைக் காட்டினேன். “ஏன் புள்ள?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. எது அழகாக இருந்ததோ அதைக் காட்டியிருந்தேன், அவ்வளவுதான்.

ஓவியம் ஜேர்மன் ஓவியர் ஏர்ன்ஸ்ட் லூட்விக் கிர்ஷ்னர் 1919இல் தீட்டிய பனிக்கால நிலவுக் காட்சி. அசல் இருப்பது அமெரிக்காவில், டெட்ரொய்ட் கலைக்கூடத்தில். ஏறக்குறைய 120 சென்ரிமீற்றர் சதுரம், ஒரு மனிதன் இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளத்தில் முக்கால்வாசி. நாங்கள் தீட்டியது 40 சென்ரிமீற்றர் சதுரத்தில், அதாவது நீள அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. நீல மலை, இளஞ்சிவப்பு மரங்கள், சிவந்து கிடக்கும் வானம், மேலே மஞ்சள் நிலவு. முதலில் பார்க்கும்போது, இது எந்த ஊரில் இப்படி இருக்கும் என்றுதான் எவருக்கும் தோன்றும். வங்கித் தம்பி வாய்விட்டே கேட்டுவிட்டார். 

டீச்சர் அதற்கு உடனே பதில் சொல்லாமல் ஜன்னல் வழியாகப் பாலத்தைக் காட்டினார். 1905இல் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில் கிர்ஷ்னரும் மூன்று கட்டிடக்கலை மாணவர்களும் சேர்ந்து ஒரு ஓவியர் குழு தொடங்கினார்களாம். அதற்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள் ‘பாலம்’. கண்ணுக்குத் தெரிவதை அப்படியே எடுத்து வைப்பதை விட, பார்க்கிறவனின் உள்ளே நடப்பதை நிறத்திலும் கோட்டிலும் கொண்டுவர வேண்டும் என்று நினைத்தவர்கள். எக்ஸ்பிரஷனிசம் என்று இன்று சொல்வதில் இவர்கள் முக்கியமானவர்கள். முதலாம் உலகப் போரில் கிர்ஷ்னர் படையில் சேர்ந்து உடலும் மனமும் உடைந்து போனார். 1917இல் சுவிற்சர்லாந்தின் டாவோஸ் மலைப் பகுதிக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டார். 1919 ஜனவரியில் ஒரு விடியற்காலை நிலவு மறைவதைப் பார்த்து ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்: சிறு இளஞ்சிவப்பு மேகங்களின் மேல் மஞ்சள் நிலவு, மலைகள் ஆழ்ந்த நீலம், இரவு முழுக்க நெருப்பு எரித்தும் ஜன்னல் குளிரில் உறைந்து கிடந்தது என்று. அந்தக் காலைதான் இந்தப் படம். ஆக, அவர் அந்த நிறங்களைப் பார்த்துத்தான் இருக்கிறார். பார்த்ததைக் கொஞ்சமும் தணிக்காமல் வைத்திருக்கிறார்.

எனக்கு அந்தக் கடிதத்து விசயம் மனதில் ஒட்டிக்கொண்டது. பனியை நான் கண்டதில்லை. ஆனால் சுபஹுத் தொழுகைக்கு எழும்பி வாசலில் நிற்கும்போது மேற்கே நிலவு இறங்குவதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். மஞ்சள் நிலவுக்கு அருகே வானம் என்ன நிறம் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

முதல் இரண்டு வகுப்பும் வர்ணத்தைத் தொடவே இல்லை. இது சிலருக்குப் பிடிக்காது, சொல்லி வைக்கிறேன். முதல் வகுப்பில் கரித்துண்டால் படத்தை ஐந்தாறு பெரிய துண்டுகளாகப் பிரித்தோம். மலை ஒரு துண்டு, வானம் ஒரு துண்டு, மரங்கள் இரண்டு பக்கம். இரண்டாம் வகுப்பில் டீச்சர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சாம்பல் நிற அட்டை தந்தார். நடுவில் விரல் நகம் அளவுக்கு ஒரு சதுர ஓட்டை. அதை அச்சுப் பிரதியின் மேல் வைத்து, ஓட்டைக்குள் தெரியும் நிறத்தை மட்டும் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பு மரத்தின் மேல் வைத்தேன். உள்ளே தெரிந்தது மங்கலான ஒரு செங்கல் நிறம்! அட்டையை எடுத்தால் மரம் மறுபடியும் பளிச்சென்று இளஞ்சிவப்பு. வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். ஏழெட்டுத் தடவை செய்திருப்பேன். பக்கத்தில் நீலம் இருப்பதால்தான் அந்தச் செங்கல் நிறம் அப்படி எரிகிறது. மரத்தைப் பளிச்சிட வைத்தது பக்கத்து மலை.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐந்து வருசத்துக்கு முன் வெளியூர்க் கடை ஒன்றுக்குப் பன்னிரண்டு சேலை நெய்து அனுப்பினோம். உடல் கடும் நீலம், கரை கறுப்பு. கறுப்புச் சாயம் வெளிறிக் கிடக்கிறது, பழுப்பு அடிக்கிறது என்று பன்னிரண்டையும் திருப்பி அனுப்பினார்கள். நான் அதே கறுப்பு நூலை மறுபடி இரண்டு தரம் தோய்த்தேன். தோய்த்த நூலைத் தனியே பார்த்தால் கரிக்கட்டை மாதிரிக் கறுப்பு. நெய்து முடித்தால் மீண்டும் பழுப்பு. சாய வியாபாரியைக் குறை சொன்னேன், தண்ணீரைக் குறை சொன்னேன், அந்த வருச நட்டத்தை இன்னும் மறக்கவில்லை. டீச்சரிடம் இதைச் சொன்னபோது அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பாரிஸில் கோபலன் என்ற அரச நெசவு ஆலையில் சாயப் பகுதிக்கு 1824இல் பொறுப்பேற்ற செவ்ருல் என்ற இரசாயன அறிஞருக்கும் இதே முறைப்பாடுதான் வந்ததாம். கறுப்பு நூல் சரியில்லை என்றார்கள். அவர் சாயத்தைச் சோதித்தார், குறை இல்லை. கடைசியில் கண்டுபிடித்தது: நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்தால் எந்தக் கறுப்பும் வலுவிழந்துதான் தெரியும். பக்கத்து நிறம் தன் எதிர் நிறத்தைக் கறுப்பின் மேல் சாய்த்துவிடுகிறது. இருநூறு வருசத்துக்கு முன் ஒரு நெசவு ஆலையில் கண்ட விசயம். எனக்கு அது ஒரு ஓவிய வகுப்பில் வந்து சேர்ந்திருக்கிறது. இந்த ஒன்றுக்காகவே அந்த 12,000 ரூபா எனக்குச் சரி.

அதற்குப் பிறகுதான் மூன்று பிரதிகளின் கேள்விக்கும் விடை புரிந்தது. அச்சிலும் போனிலும் நிறம் ஒருநாளும் சரியாக வராது. அசலை நாங்கள் பார்க்கப் போவதும் இல்லை. ஆனால் மூன்று பிரதியிலும் மாறாமல் ஒன்று இருக்கிறது: மலை எப்போதும் மரத்தை விடக் குளிர்ச்சி, வானத்துச் சிவப்பு எப்போதும் மரத்துச் சிவப்பை விடச் சூடு, நிலவுதான் எல்லாவற்றிலும் வெளிச்சம். அந்த உறவைப் பிரதி எடுத்தால் போதும் என்று டீச்சர் சொன்னார். தச்சுவேலை அண்ணனின் படத்தில் மலை கிட்டத்தட்டப் பச்சை. ஆனாலும் பார்த்தால் அதே படம்தான்.

இனி சாமான் விசயம். முதல் கிழமையே அவசரப்பட்டுப் பன்னிரண்டு ரியூப் உள்ள ஒரு மலிவுப் பெட்டியை வாங்கிவிட்டேன். யாருடைய தயாரிப்பு என்பது வேண்டாம். மூடியைத் திறந்தால் முதலில் எண்ணெய்தான் ஒழுகியது, பிறகு வெள்ளைச் சுண்ணாம்பு மாதிரி ஒன்று வந்தது. சிவப்போடு வெள்ளை கலந்தால் இளஞ்சிவப்பு வரவில்லை, சாம்பல்தான் வந்தது. அந்தப் பெட்டியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். டீச்சர் சொல்வது ஏழே ரியூப்: டைட்டேனியம் வெள்ளை, கட்மியம் மஞ்சள், கட்மியம் சிவப்பு, அலிசரின் கிரிம்சன், அல்ட்ராமரீன் நீலம், பிரஷ்யன் நீலம், பேர்ன்ட் அம்பர். கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரீனும் அம்பரும் கலந்தால் கடையில் வாங்கும் கறுப்பை விட உயிருள்ள கறுப்பு வருகிறது. கொழும்பில் இருக்கும் மச்சினி மூலம் வின்டன் ரியூப்கள் எடுப்பித்தேன். 37 மில்லிலீற்றர், படிக்கிறவர்களுக்கான தரம். நன்றாக இருக்கிறது. வெள்ளை மட்டும் பெரிய ரியூபாக வாங்குங்கள், மற்றதெல்லாம் சேர்ந்து போவதற்குச் சமமாக வெள்ளை போகும். ரியூபில் ‘ஹியூ’ என்று எழுதியிருந்தால் அந்தப் பெயருக்குரிய மூலப்பொருளுக்குப் பதில் வேறொன்றைப் போட்டு அதே நிறத்துக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். படிக்கிறதுக்குப் போதும். ஆனால் கலக்கும்போது உண்மையான கட்மியம் மாதிரி நடக்காது. உண்மையான கட்மியம் நஞ்சு என்பதால், வர்ணக் கையோடு வாய்ப்பன் எடுத்துக் கடிக்க டீச்சர் விடமாட்டார். சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பிளேன்ரீ.

அலிசரின் என்ற பெயரைக் கேட்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது. சாயவேரில் சிவப்பைத் தருவதே அலிசரின்தான். இலங்கையின் வடக்கில் ஒரு காலத்தில் தோண்டி எடுத்து ஒல்லாந்தர் வரைக்கும் கணக்கு வைத்த அந்த வேர். 1868இல் ஜேர்மனியில் இரண்டு இரசாயன அறிஞர்கள் அதைச் செயற்கையாகச் செய்யக் கண்டுபிடித்தார்கள், அதோடு வேர்த் தொழில் படுத்துவிட்டது. நூலுக்குப் போட்ட அதே பொருள் இப்போது ரியூபில் இருந்து என் பலகைக்கு வருகிறது. ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது: மெல்லியதாகப் பூசினால் வெயிலில் இது மங்கிவிடும். சாயக்காரிக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, நான் படத்தை ஜன்னலுக்கு எதிரே மாட்டவே இல்லை.

மூன்றாம் வகுப்பில் இருந்து தீட்டத் தொடங்கினோம். எண்ணெய் வர்ணத்தில் எங்கள் கைக்குப் பழக்கமில்லாத பெரிய விசயம் அதன் காய்ச்சல். சாயத் துணி காய்வது தண்ணீர் போவதால். இது அப்படி இல்லை. வர்ணத்தில் உள்ள லின்சீட் எண்ணெய், அதாவது ஆளி விதை எண்ணெய், காற்றில் உள்ள ஒட்சிசனைப் பிடித்துக் கெட்டியாகிறது. அம்பர் இரண்டே நாளில் தொடக் காயும். அலிசரின் ஒரு கிழமை கழிந்தும் விரலில் ஒட்டும். அதனால் அடியில் பூசும் வர்ணத்தில் அதை ஐதாக்கும் டர்பன்டைன் கூட, எண்ணெய் குறைய. மேலே போகப் போக எண்ணெய் கூட. மாறிச் செய்தால் மேல் பூச்சு முதலில் இறுகி, கீழே உள்ளது பின்னர் காயும்போது மேல் வெடிக்கும். கிர்ஷ்னரும் கூட்டாளிகளும் வர்ணத்தைப் பெற்றோல் விட்டு ஐதாக்கினார்கள், பளபளப்பில்லாத மேற்பரப்புத்தான் அவர்களுக்குப் பிடித்தது என்று டீச்சர் சொன்னார். உடனே, “அதைப் பிரதி எடுக்க வேணாம்” என்றும் சொன்னார்.

ஐந்தாவது வகுப்பில் என் நிலவு பச்சையானது. வானத்தின் நீலப் பகுதி ஈரமாக இருக்கும்போதே, மஞ்சளைப் பிறஸ்ஸில் நிறைய எடுத்து நடுவில் வைத்தேன். முதல் இழுப்பில் மஞ்சள். இரண்டாவது இழுப்பில் வேப்பிலைப் பச்சை. மேலே இன்னும் மஞ்சள் வைத்தேன், அதுவும் கீழே இருந்த பிரஷ்யன் நீலத்தைக் குடித்துவிட்டது. பிரஷ்யன் நீலம் அப்படித்தான், பட்டாணி அளவு போதும் ஒரு பானையைக் கெடுக்க. டீச்சர் பின்னால் வந்து நின்றார்.

“வைங்க புள்ள பிறஸ்ஸ. இப்ப என்ன செய்யப் போறீங்க?”

“இன்னும் கொஞ்சம் மஞ்சள் வைக்கலாமா டீச்சர்?”

“தறியில பாவு ஓட்டின பிறகு நடுவில ஒரு மஞ்சள் நூல் வேணுமெண்டா என்ன செய்வீங்க?”

பாவில், அதாவது நெடுக்கு நூலில், முதலே இடம் விட்டு ஓட்டியிருக்க வேண்டும். அது எனக்குத் தெரிந்த பதில், பதினாறு வயதில் இருந்து தெரிந்த பதில். பலகைக் கத்தியால் அந்த வட்டத்தைச் சுரண்டி, துணியில் டர்பன்டைன் தொட்டுத் துடைத்து, வெள்ளைத் தரை தெரியும் வரை எடுத்தேன். ஒரு கிழமை அப்படியே வெறும் வட்டமாக விட்டோம். அடுத்த சனிக்கிழமை சுத்தமான பிறஸ்ஸால், வெள்ளை கலந்த மஞ்சள், ஒரே தடவை வைத்துக் கையை எடுத்தேன். “இப்ப தள்ளிப் போய் நிண்டு பாருங்கவன்” என்றார் டீச்சர். வாவிப் பக்கச் சுவர் வரைக்கும் பின்னால் போனேன். மாடிக்குள்ளே நிலவு எறித்தது. அந்தச் சிறு வட்டத்தைச் சுற்றி இருந்த நீலம் எல்லாம் ஒரு படி இருண்டு, சிவப்பு எல்லாம் ஒரு படி சூடேறிவிட்டது, நான் அவற்றைத் தொடவே இல்லை.

இந்த வகுப்பில் நான் மிகவும் மதிக்கும் இன்னொரு விசயம், துணி. வர்ணம் துடைக்கும் துணியை ஒருவரும் குப்பைக் கூடையில் போடக் கூடாது. மாடியில் ஒரு கம்பி கட்டியிருக்கிறார். வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு துணியையும் விரித்து, ஒன்றின் மேல் ஒன்று படாமல் அதில் போட வேண்டும். காரணம், லின்சீட் எண்ணெய் ஒட்சிசனைப் பிடிக்கும்போது சூடு வெளிவிடும். விரித்துப் போட்டால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். கசக்கிக் குவித்து வைத்தால் சூடு உள்ளேயே சேர்ந்து, யாரும் தீ வைக்காமலே துணி பற்றிக்கொள்ளும். தீட்டத் தொடங்கிய முதல் கிழமை நான் என் துணியைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக இருந்தேன். வீட்டில் நூல் மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருக்கின்றன. டீச்சர் படிக்கட்டில் வைத்து என் பையைத் திறந்து பார்த்து, துணியை எடுத்துவிட்டுத்தான் அனுப்பினார். எண்ணெய் வர்ணம் யாரிடம் படித்தாலும் இதை முதல் நாளே சொல்லித் தருகிறார்களா என்று பாருங்கள். வீட்டில் தீட்டுகிறவர்கள் துணியை முற்றத்தில் விரித்துக் காயப் போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகரத்தில் போடுங்கள்.

நெசவுக்காரி என்று தெரிந்த பிறகு டீச்சர் எனக்கென்று ஒரு விசயம் தேடி வைத்திருந்தார். டாவோஸ் மலையில் லீசே கூயர் என்று ஒரு பெண் இருந்திருக்கிறார். 1922இல் கிர்ஷ்னரைச் சந்தித்து, அவருடைய வரைவுகளைப் பார்த்து வருசக் கணக்கில் தொங்கு துணிகள் நெய்தவர். நான் தீட்டிக்கொண்டிருக்கும் படத்தின் ஓவியருக்குப் பக்கத்தில் ஒரு தறிக்காரி! அவருடைய துணி ஒன்றின் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்கும் ஓரத்தில் கண் நின்றுவிட்டது. பிறஸ்ஸால் அந்த ஓரத்தை ஒரே இழுப்பில் போடலாம். தறியில் அதை ஒவ்வொரு ஊடையாகக் கட்டி ஏற்ற வேண்டும். அந்த வேலை எனக்குத் தெரியும் என்பதால் எவ்வளவு நாள் போயிருக்கும் என்பதும் தெரிந்தது.

கிர்ஷ்னரின் முடிவு துயரமானது. 1937இல் நாசிகள் ஜேர்மன் அரும்பொருட்காட்சியகங்களில் இருந்து அவருடைய படைப்புகள் அறுநூறுக்கு மேல் பறித்தார்கள். சீரழிந்த கலை என்று சொல்லிச் சிலவற்றைக் காட்சிக்கும் வைத்தார்கள். அடுத்த வருசம் ஜூன் மாதம் அவர் டாவோஸுக்குப் பக்கத்திலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். டீச்சர் இதை எட்டாவது வகுப்பில்தான் சொன்னார். அன்றைக்கு எல்லாரும் மரங்களைத் தீட்டிக்கொண்டிருந்தோம். மருத்துவிச்சி அம்மா பிறஸ்ஸைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் யோசித்துப் போங்கள். டர்பன்டைன் மணம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஜன்னல்கள் திறந்திருந்தாலும் உயர்தரப் பிள்ளை ஒன்று தலையிடி என்று இரண்டு தடவை இடையில் எழுந்து போனது. ஜூன், ஜூலையில் கச்சான் காற்று வீசும்போது மணல் பறந்து வந்து ஈரப் படத்தில் ஒட்டுகிறது. என் வானத்தின் வலது மூலையைத் தடவினால் இப்போதும் நறநறக்கும். ஜன்னலுக்கு வலை அடித்தால் இது தீரும், டீச்சரிடம் நேரிலும் சொல்லியிருக்கிறேன். இன்னொன்று, ஒரே படத்தோடு பத்துக் கிழமை என்பது எல்லாருக்கும் பொருந்தாது. வங்கித் தம்பி ஆறாவது கிழமையோடு நின்றுவிட்டார், அவருக்குச் சொந்தமாக ஏதாவது தீட்ட வேண்டும் என்று இருந்தது. அது அவர் விருப்பம். ஆனால் நான்காவது கிழமையில் கிளம்பியிருந்தால் எனக்கு அந்த நிலவு கிடைத்திருக்காது.

பிரதி எடுப்பது களவுதானே என்று ஊரில் ஒரு நானா கேட்டார். கிர்ஷ்னர் இறந்து எண்பது வருசத்துக்கு மேல், அவருடைய படங்களுக்குப் பதிப்புரிமை முடிந்துவிட்டது. அதற்கு மேலும் டீச்சர் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறார்: படத்தின் பின்பக்கத்தில் ‘கிர்ஷ்னரின் 1919 ஓவியத்தைப் பார்த்துத் தீட்டியது’ என்று எழுதி, எங்கள் பெயரும் திகதியும் போட்டால்தான் கொண்டுபோக விடுவார். முன்பக்கத்தில் பெயர் போட விடமாட்டார். வாப்பா எனக்கு நெசவு பழக்கியதும் இப்படித்தான், அவர் நெய்த சாறனைப் பக்கத்தில் வைத்து அதே கோடு, அதே அகலம் வரும் வரைக்கும்.

பெண்கள் கேட்பார்கள் என்பதற்காக ஒன்று. வகுப்பு முடிந்து ளுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டால் கீழே பின்னறையைத் திறந்து தருவார், ஒரு பாய் சுத்தமாக மடித்து வைத்திருப்பார். நான் கேட்காமலே இரண்டாவது கிழமை அது அங்கே இருந்தது. பஸ்ஸும் கஷ்டம் இல்லை, கல்முனை பஸ் அடிக்கடி வரும். ஒன்றரை மணிக்கு ஏறினால் மூன்று மணிக்கு முன் வீடு.

படம் இப்போது தறிக்கொட்டகையில், வெயில் படாத சுவரில் தொங்குகிறது. மரங்களின் அலிசரின் இன்னும் முழுதாகக் காயவில்லை, போன கிழமை விரல் வைத்தேன், மெல்லியதாக ஒட்டியது. வார்னிஷ் பூசப் போவதில்லை. அதற்குக் கீழே உள்ள தறியில் ஒரு சேலை ஏறியிருக்கிறது: உடல் கடும் நீலம், கரைக்குக் கறுப்பு இல்லை, அட்டை ஓட்டைக்குள் பார்த்த அந்தச் செங்கல் நிறம். நெய்தது இரண்டு முழம்தான், கரை ஏற்கெனவே இளஞ்சிவப்பாக எரிகிறது. உம்மா வந்து பார்த்துவிட்டு, இந்த நூல் எங்கே வாங்கினாய் என்று கேட்டா. எங்கள் தொட்டியில் தோய்த்த நூல்தான் உம்மா என்றேன், நம்பவில்லை. ஒரு நூலைப் பிரித்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.

மாரி மழைக்கு வகுப்பு இல்லை, ஈரத்தில் பலகை பூஞ்சணம் பிடிக்கும் என்று நவம்பர், டிசம்பரில் டீச்சர் நிறுத்திவிடுவார். அடுத்தது ஜனவரி கடைசியில் தொடங்கும். போகிறவர்கள் பழைய பருத்திச் சாறன் துண்டுகள் ஏழெட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பொலியெஸ்டர் துணி வர்ணத்தை உறிஞ்சாது, தேய்க்கும், அவ்வளவுதான்.